விரல் சொன்ன பொய்!

ஒன்பதாம் அறைப் பெரியவர் செத்துக் கொண்டிருந்தார்.

சத்தமே இல்லாமல்!

அந்த அமைதிதான் நர்ஸை உறுத்தியது. முதியோர் இல்லத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள். மூன்று நாளும், தொட்டாலே அலறிய மனிதர் இவர். இப்போது பிற்பகல் மூன்று மணி. போர்வையை இழுத்தும்... ஒரு முனகல்கூட இல்லை!

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவருடைய மூச்சை எண்ணினாள்.

ஒரு நிமிடத்துக்கு... ஐந்து!

இமையைத் தூக்கிப் பார்த்தாள். கருமணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

'யாரோ மார்ஃபின் மாதிரி ஏதோ கொடுத்திருக்காங்க!'

"ஆயா! ஓடி வாங்க! அவசரப் பெட்டியை எடுத்துட்டு வாங்க!"

சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தாள். நெஞ்சில் ஒன்றுமில்லை. கையில் ஒன்றுமில்லை. தோளுக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவினாள்.

வழவழப்பாய் ஏதோ தட்டுப்பட்டது.

வலி மருந்துப் பட்டை! தோல் வழியாக ரத்தத்தில் இறங்குகிற, கடும் வலிக்கான மருந்து.

ஒன்றல்ல... இரண்டு!

உரித்து எறிந்தாள். தோலைத் துடைத்தாள். ஆயா கொண்டுவந்த பெட்டியிலிருந்து எதிர்மருந்தை எடுத்து ஊசியில் ஏற்றிப் போட்டாள். "மூச்சு விடுங்க கோச்! இழுங்க... இன்னும் ஒண்ணு!"

எண்பத்தொரு வயது. ஒரு காலத்தில் நீச்சல் பயிற்சியாளர். அதனால் எல்லோருக்கும் அவர் கோச். இரண்டு வருடம் முன்பு வந்த பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் பறித்துக்கொண்டு போயிருந்தது. நினைவு மட்டும் சுத்தமாக இருந்தது.

ஏழு மூச்சு... பத்து... பதினான்கு...

உயிர் வந்தது.

கூடவே வலியும் வந்தது! எதிர்மருந்து பட்டையின் வேலையை முறித்துப் போட, கோச் அறையே அதிர அலறினார்.

அலறல் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். பின்னாலேயே, அப்பாவைப் பார்க்க வந்த கோச்சின் மகளும்.

"என்ன பண்ணினே?" மேனேஜர் கத்தினார்.

"நான் எதுவும் பண்ணலே சார். யாரோ முதுகுல ரெண்டு பட்டை ஒட்டியிருக்காங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!"

"யாரோவா? நேத்து வராந்தாவுல நின்னு, 'இவருக்குப் பெரிய வலி மருந்து வேணும்'னு கத்தினது யாரு?"

"வேணும்னு டாக்டரைக் கேக்கச் சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? வயசானா அனத்தத்தான் செய்வாங்கன்னீங்க!"

"கேக்காம நீயே ஒட்டிட்டே! ஆம்புலன்ஸும் வரும்... போலீஸும் வரும்!"

போலீஸ்தான் முதலில் வந்தது. ஸ்டேஷன் அடுத்த தெரு.

இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்று கேட்டார். "எந்த நர்ஸ்?"

"இதோ, இவதான்." மேனேஜர் விரலை நீட்டினார்.

"வாம்மா, வெளியே பேசலாம்."

"வர முடியாது சார்."

"என்னது?"

"எதிர்மருந்து கொஞ்ச நேரம்தான் தாங்கும். தோல்ல இறங்கின மருந்து இன்னும் உடம்புல இருக்கு. மறுபடி மூச்சு நின்னாலும் நிக்கும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இவரை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். விலங்கு போடறதா இருந்தா கட்டிலோட சேர்த்துப் போடுங்க!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

வேலை போகும். லைசென்ஸ் போகும். ஜெயில்கூட... ஆனால் அவள் கண் கோச்சின் முகத்தை விட்டு அகலவில்லை. சுருங்கிய புருவம். கடித்த பற்கள். இடது கை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது. வலி ரிஜிஸ்டரில் பத்துக்கு ஒன்பது என்று எழுத வேண்டிய வலி!

எங்கே?

தோளை மெல்ல அழுத்தினாள். முகம் மாறவில்லை. வயிறு... மாறவில்லை. வலது தொடைப் பக்கம் கை போகும் முன்பே அலறல்!

போர்வையை விலக்கினாள்.

வலது கால் இடது காலைவிட அரை விரற்கடை குட்டையாய் இருந்தது. பாதம் வெளிப்பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது.

"சார்... இது அனத்தல் இல்லே. இடுப்புல எலும்பு முறிஞ்சிருக்கு!"

"உளறாதே!" மேனேஜர் சீறினார். "படுத்த படுக்கையா இருக்கறவருக்கு எப்படி முறியும்?"

"யாரோ கீழே போட்டிருக்காங்க. ஆயா, காலை அசைக்காதீங்க. ரெண்டு பக்கமும் தலையணையை முட்டுக் குடுங்க."

அவள் கோச்சின் இடது கையை எடுத்துத் தன் விரல்களுக்குள் வைத்துக்கொண்டாள்.

"கோச், வலியில கேள்வி கேக்கறதுக்கு மன்னிச்சுக்கோங்க. ஆமான்னா ஒரு தடவை அழுத்துங்க. இல்லேன்னா ரெண்டு தடவை. கீழே விழுந்தீங்களா?"

ஒரு அழுத்து.



"ஆயா தூக்கும்போதா?"

இரண்டு.

"மேனேஜரா?"

இரண்டு. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வேற யாராவது தூக்கும்போதா?"

கோச்சின் கை சும்மா கிடந்தது. பிறகு அவசரமாய்... இரண்டு.

"அப்ப... நீங்களே எழுந்திரிச்சீங்களா?"

ஒரு அழுத்து. பலமாக!

"பாத்தீங்களா சார்!" மேனேஜர் துள்ளினார். "அவரே விழுந்திருக்கார்!"

நர்ஸ் இல்லையென்று தலையை ஆட்டினாள். மூன்று நாளாய் அந்த முகத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். வலி வந்தால் அந்தப் புருவம் நடுவில் முடிச்சுப் போடும். இப்போது முடிச்சு இல்லை. புருவம் மேலேறியிருந்தது. இது பயம்.

"பொய் சொல்றீங்க, கோச். ஒரு பக்கம் விழுந்து போனவரால தனியா உக்காரக்கூட முடியாது. யாரைக் காப்பாத்தறீங்க?"

அவர் கண்கள் ஒரே ஒரு நொடி கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் வந்தன.

அங்கே மகள் நின்றிருந்தாள்.

"போதும்ப்பா..." அவள் குரல் உடைந்தது. "எனக்காகப் பொய் சொல்லாதீங்கப்பா!"

இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

"நான்தான் சார்! அஞ்சு நாள் முன்னாடி... ஜன்னல் பக்கம் உக்கார வெக்கலாம்னு தனியாத் தூக்கினேன். கை நழுவிடுச்சு. எப்படியோ கட்டில்ல ஏத்திட்டேன். குடும்பத்துக்காரங்க தூக்கக் கூடாதுன்னு சட்டம் வெச்சிருக்காங்க. சொன்னா இனிமே உள்ளேயே விட மாட்டாங்களோன்னு பயந்துட்டேன். எனக்கு இருக்கறது அப்பா ஒருத்தர்தான் சார்!"

"பட்டை?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தப்ப வாங்கினது, மிச்சம் இருந்தது. அம்மாவுக்கு ஒட்டினா நிம்மதியாத் தூங்குவாங்க. நேத்து சாயந்திரம் அப்பா படற பாட்டைப் பாக்க முடியாம... ரெண்டா ஒட்டினா சீக்கிரம் அடங்கும்னு..."

"உங்கம்மா உடம்பு கொஞ்சம் கொஞ்சமா அந்த மருந்துக்குப் பழகியிருக்கும்," என்றாள் நர்ஸ். "பழகாத உடம்புக்கு அது எமன்மா."

மகள் கட்டிலோரம் மடிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கோச்சின் இடது கை தடவித் தடவி அவள் தலையைத் தேடியது.

ஆம்புலன்ஸ் வந்தது.

"தப்பு தப்புதான். கேஸ் உண்டு," என்றார் இன்ஸ்பெக்டர் மகளிடம். "முதல்ல அப்பாகூடப் போங்க. கான்ஸ்டபிள் கூட வருவார்."

ஐந்தரை மணிக்கு, மேனேஜர் அறையில் இன்ஸ்பெக்டரிடம் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸின் செல்போன் அடித்தது. மகள்தான்.

"சிஸ்டர்... எக்ஸ்ரேயில இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. நாளைக்கு ஆபரேஷன். இப்ப கால் மரத்துப் போக ஊசி போட்டிருக்காங்க."

"முகம் எப்படி இருக்கு? புருவத்தைப் பாருங்க."

"முடிச்சு... அவிழ்ந்திருக்கு சிஸ்டர்."

நர்ஸ் அப்போதுதான் அழுதாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "இந்தம்மாவை விட்டுடலாம். ஆனா ஒரு சந்தேகம், மேனேஜர். அஞ்சு நாள் ஒரு மனுஷன் கத்தியிருக்கார். எங்கேயும் குறிச்சு வெக்கலியா?"

"எல்லாம் இருக்கு சார்! வேளா வேளைக்கு வலி பார்த்து நானே எழுதறேன்." மேனேஜர் ரிஜிஸ்டரைப் பெருமையாய் நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"இன்னிக்கு என்ன தேதி?"

"பதினாலு சார்."

"பதினஞ்சாம் தேதி காலையில கோச்சுக்கு வலி ஜீரோ. சாயந்திரம் ஜீரோ. பதினாறும் ஜீரோ. கையெழுத்து உங்களுது!"

மேனேஜர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"சார்... நெஞ்சு வலிக்குது சார்!"

நர்ஸ் பாய்ந்து போய் நாடியைப் பிடித்தாள். மூச்சை எண்ணினாள். முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எல்லாம் ஒழுங்கா இருக்கு சார். பயம்தான்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"கவலையே படாதீங்க மேனேஜர்... அடுத்த மாசம் வரைக்கும் உங்களுக்கு வலி ஜீரோன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். ஜீப்ல ஏறுங்க!"