ரொட்டியில் எழுதிய சொல்

"ஜார் மன்னரோட எழுத்து இருக்கும்போது இந்த எழுத்து உங்களுக்கு எதுக்கு?"

சிப்பாய் அரிச்சுவடியை அடுப்புக்குள் வீசினான். தோளில் தொங்கிய துப்பாக்கி கதவில் இடிக்க, பனியில் இறங்கிப் போனான்.

ரஷ்ய ஆட்சியிலிருந்த அந்த ஊரில் லித்துவேனிய எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை வைத்திருப்பதே அந்நாளில் குற்றம். எல்லைக்கு அப்பாலிருந்து ரகசியமாகப் புத்தகம் கொண்டுவருபவரும் பனி உருகும்வரை வரமாட்டார்.

"நான் பாதி எழுத்துகூடப் படிக்கலையேக்கா!" தம்பி யூர்கிஸ் அழுதான்.

"புத்தகம்தானே எரிஞ்சது? எழுத்தெல்லாம் எனக்குள்ள இருக்குடா," என்றாள் அகோதா.

"எங்க, வாயைத் திற பார்ப்போம்!"

மறுநாள் அம்மா கம்புரொட்டி சுட மாவு பிசைந்தாள். வழக்கப்படி முதல் ரொட்டியின் மேல் சிலுவை கீறினாள்.

"மத்ததுல நான் கீறட்டுமாம்மா?" அகோதா கேட்டாள்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "பயமா இருக்குடி."

"தின்னுட்டா தடயமே இருக்காதும்மா."

நான்கு ரொட்டிகளில் ஒன்றுக்கு ஓர் எழுத்தாக ஒரு சொல்லைக் கீறினாள். ரொட்டிகள் வெந்து மேசைக்கு வந்த நேரம், கதவு படாரென்று திறந்தது. அதே சிப்பாய்.

"நேத்துத்தானே எச்சரிச்சேன்? மறுபடியும் எழுத்தா?" கை துப்பாக்கிக்குப் போனது.

அம்மாவின் முகம் வெளுத்தது. அகோதாவும் பயந்தாள். ஆனாலும் முன்னால் வந்தாள்.

"நல்லாப் படிச்சுப் பாருங்க. பள்ளிக்கூடத்துல சொல்லித்தர்ற உங்க எழுத்துதானே இது?"

அவன் குனிந்தான். விரலை ஒவ்வொரு ரொட்டியாக நகர்த்தினான்.

"ம... மா."

M, A போன்ற சில எழுத்துகள் ரஷ்யம், லித்துவேனியம் இரண்டுக்கும் பொது. அந்தச் சொல்லும் பொது. இரண்டிலும் அது அம்மாதான்.

"மமா," என்றான் மறுபடியும், மெதுவாக. தொப்பியிலிருந்து பனிநீர் சொட்டியது.

"நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீங்களா?" யூர்கிஸ் கேட்டான்.

"அப்படித்தான். கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தான். வெளியே போனவன், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

அம்மா பலகையில் பொத்தென்று உட்கார்ந்தாள். யூர்கிஸ் ரொட்டிகளைத் தடவிப் பார்த்தான்.

"மமா! நானே படிச்சுட்டேன்க்கா!"

அம்மா எழுந்தாள். மீதியிருந்த மாவை உருட்டி, அகோதா பக்கம் தள்ளினாள், கத்தியையும் கொடுத்தாள்.

அகோதா ஓர் எழுத்தைக் கீறி, அதன் தலையில் புள்ளி குத்தினாள்.

"இது என்னக்கா?"

"அவங்ககிட்ட இல்லாத எழுத்து. நல்லாப் பார்த்துக்கோ, வெந்ததும் தின்னுடு."