வாநீவாடு போன திசை

"நான் வரலேன்னா நீங்க மறுபடியும் கிழக்கேதான் போவீங்க!" என்று சொல்லிக்கொண்டே கித்தேரி வள்ளத்தில் ஏறிவிட்டாள்.

வள்ளக்காரன் தொம்மை அவளைத் தடுக்கவில்லை. அவளுடைய அண்ணன் பிலவேந்திரன் கடலில் காணாமல் போய் அன்று மூன்றாம் நாள். அவனோடு போன மிக்கேலை, ஐஸ் பெட்டிமேல் கிடந்த நிலையில், கிழக்கே ஒரு விசைப்படகு மீட்டிருந்தது. "எட்டுப் பாகத் தண்ணியில, பவளப்பாருகிட்ட வள்ளம் கவுந்திருச்சு. அவன் வள்ளத்தைப் புடிச்சிருந்தான்" என்பதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. ஊரே கிழக்கில் தேடிக் களைத்தது.

கித்தேரி தினமும் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவள். நீரோட்டத்தை உடம்பால் அறிந்தவள்.

"பெட்டி தண்ணிக்கு மேல மிதக்கும்ணே. கச்சான் காத்து அதைக் கிழக்கே தள்ளிருச்சு. கவுந்த வள்ளம் முக்காவாசி தண்ணிக்குள்ள கெடக்கும். அதை வாநீவாடுதான் இழுக்கும்."

வாநீவாடு வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம். தெற்கே வெறும் கடல்தான்.

"ஒரு பக்கம் போய் வரத்தான் டீசல் இருக்கு. தப்பாப் போச்சுன்னா?" என்றான் தொம்மை.

"அவன் பிள்ளைங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்."

பார் என்னும் அந்தக் கடலடிப் பவளத்திட்டு இருக்கும் பக்கம் போனதும் தொம்மை ஈயக்குண்டுக் கயிற்றை இறக்கி, கைகளை விரித்து, ஒரு விரிப்புக்கு ஒரு பாகமாக அளந்தான். பதினொன்று... ஒன்பது... எட்டுப் பாகம்! குண்டின் அடியில் தடவிய மெழுகில் பவளத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அங்கிருந்து சுக்கானைத் தெற்கே திருப்பினான்.

பதினைந்து கடல் மைல். வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் அலை மோதி மோதித் தெறித்தது. எங்கும் ஒன்றுமில்லை.

"திரும்பணும், தங்கச்சி. டீசல் பாதிக்கு வந்திருச்சு."

"இன்னும் ஒரே ஒரு மைலுண்ணே!"

தொம்மை சுக்கானை அப்படியே பிடித்துக்கொண்டான். சற்று நேரத்தில் கித்தேரி அலறினாள். "அந்தா!"

கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில், வலைக்கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டு ஒருவன் கிடந்தான். அசைவில்லை.

"கிட்டப் போனா ரெண்டும் மோதிரும்!" என்று தொம்மை கத்துவதற்குள், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கித்தேரி குதித்துவிட்டாள். அண்ணனின் நெஞ்சில் காதை வைத்தாள். அலைகள் இரண்டுமுறை அவளை அங்கிருந்து பிரித்தெறிந்தன. மூன்றாம் முறை துடிப்பு கேட்டது. வலைக்கயிற்றை அவிழ்த்து அவனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரு இருக்குண்ணே! கயித்தை இழுங்க!"

மாலையில் அவர்கள் கரை சேர்ந்தபோது கூட்டம் தண்ணீருக்குள் இறங்கி வந்து வள்ளத்தைப் பிடித்தது. பிலவேந்திரன் கண் திறந்து தண்ணீர் கேட்டான். அவன் மனைவி மணலில் மண்டியிட்டு அழுதாள். கோயில் மணி ஓயாமல் அடித்தது.

அதன்பிறகு அந்தக் கரையிலிருந்து யாரையேனும் தேடிப் புறப்படுகிறவர்கள், பாசி எடுக்கும் பெண்களிடம் நீரோட்டம் கேட்டுவிட்டுத்தான் நங்கூரம் தூக்குகிறார்கள்.