அரிசி ஆலைக்குள் ஒரு விமானம்

"என் வீட்டுக்காரரு ஏரோப்ளேனைத் திருடிட்டாருன்னு சொல்றாங்கம்மா" என்றாள் கலையரசி.

கணினியில் தட்டிக்கொண்டிருந்த முத்துக்குமாரின் விரல்கள் நின்றன. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குக் காணாமல் போன மோட்டார் சைக்கிள்கள் வரும், சொத்துத் தகராறுகள் வரும். விமானம் வந்ததில்லை.

அந்த அலுவலகத்தை நடத்தும் அகிலா அசரவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பல வருடம் பொய் இழப்புகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள் அவள். "முழு விமானத்தையுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அதோட மூக்குல இருந்த மரக் காத்தாடியை."

கலையரசி செவிலியர் உடையிலேயே வந்திருந்தாள். பணி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பேருந்து ஏறியிருக்கிறாள். அவள் கணவன் சத்யராஜ் வாலாஜாபாத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். பட்டறையில் இடம் போதவில்லை என்று பக்கத்தில் மூடிக் கிடந்த அரிசி ஆலையின் கிடங்கில் முன்பாதியை இந்த ஆடி மாதம்தான் வாடகைக்கு எடுத்திருந்தான். பின்பாதியில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய விமானம் நின்றது.

"ரைஸ்மில்லுல விமானம் எப்படி வந்துச்சு?" என்று முத்துக்குமார் ஆவலோடு குறுக்கிட்டான். பத்திரிகை நிருபராக இருந்தவன். அந்தப் பழக்கம் போகவில்லை.

"மில்லுக்காரரோட அப்பா அந்தக் காலத்துல ஏலத்துல எடுத்தாராம். விமானம் ஓட்டக் கத்துக் குடுக்கற கிளப்பு ஒண்ணை மூடிட்டாங்களாம். இன்ஜினைக் கழட்டி நெல் அரைக்கலாம்னு நெனைச்சிருக்காரு. அது சரிப்படல. அப்படியே கெடக்குது." அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "கிடங்குக்கு ஒரே கதவு. ஒரு சாவி மில்லுக்காரர் தினகரன்கிட்ட, இன்னொண்ணு எங்ககிட்ட. திங்கக்கிழமை பார்த்தா காத்தாடி இல்லை. பூட்டு பூட்டினபடியே இருக்குது. தெருவுல எல்லார் எதிர்லயும் திருடன்னு சொல்லிட்டாரும்மா. போலீஸ்ல எழுதியும் குடுத்துட்டாரு. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. சாப்பிடவும் மாட்டேங்குறாரு."

அகிலா எழுந்து கைப்பையை எடுத்தாள். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

கிடங்குக் கதவைத் திறந்ததும் பழைய தவிட்டின் வாடையும் புறா எச்சத்தின் வாடையும் ஒன்றாக வந்தன. முன்புறம் சத்யராஜின் இரும்புக் கம்பிகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்கு அப்பால், தார்ப்பாய் விலகிய இடத்தில், மஞ்சள் விமானம் நின்றது. மேலும் கீழுமாக இரட்டை இறக்கைகள். துணி போர்த்திய அந்த இறக்கைகளில் எலி கடித்த இடத்தில் மரச் சட்டங்கள் விலா எலும்புகள் போலத் தெரிந்தன. ஒருவர் பின் ஒருவராக இருவர் உட்காரத் திறந்த குழிகள். மூக்கில் காற்றாடி இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

தினகரன் நெற்றி நிறைய விபூதியோடு வாசலிலேயே நின்றார். காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை வைத்திருப்பவர், அறுபது வயதுக்காரர். பக்கத்தில் அவருடைய தங்கை கமலாட்சி. சென்னையிலிருந்து காலையில்தான் வந்திருந்தாள். விமானம் இருவருக்கும் சொந்தம். அதை ஒரு பொறியியல் கல்லூரியின் காட்சிக்கூடத்துக்குக் கொடுப்பது என்று கமலாட்சி ஏற்பாடு செய்திருந்தாள். அடுத்த வாரம் கல்லூரிக்காரர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது.

கலையரசியைப் பார்த்ததும் தினகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்தம்மா கூட்டினு வந்தவங்களா? நல்லாப் பாருங்க. காத்தாடி மட்டும் இல்லீங்க, உள்ளே முன்சீட்டுக்கு எதிர்ல ஒரு பித்தளைத் தகடு இருந்துச்சு. விமானத்தோட நம்பர், செஞ்ச வருஷம் எல்லாம் அதுல இருக்கும். அதையும் பேத்துட்டான்."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்று அகிலா கேட்டாள்.

"போன வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளியாச்சேன்னு பூசை போட்டேன். காத்தாடிக்கும் பொட்டு வெச்சேன், அந்தத் தகடுக்கும் என் கையாலயே வெச்சேன். ரெண்டும் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை இவன் லோடு ஆட்டோவுல என்னமோ மூடி எடுத்துனு போயிருக்கான். எதிர்ல கல்யாண மண்டபத்து கேமராவுலயே பதிவாயிருக்குது."

முத்துக்குமார் அகிலாவின் காதருகே குனிந்தான். "இதுக்கு மேல என்னங்க வேணும்? கேமராவே இருக்கு."

அகிலா மொட்டை மூக்கைச் சுற்றி வந்தாள். காற்றாடியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் உளியால் அடித்த காயங்கள் புதிதாகப் பளபளத்தன. பிறகு ஓர் இரும்புப் பெட்டியின் மேல் ஏறி, முன்குழிக்குள் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தாள்.

இருக்கைக்கு எதிரே, கறுத்துப்போன பலகையில், தகடு இருந்த இடம் மட்டும் சின்னச் செவ்வகமாகத் தெரிந்தது. நான்கு மூலையிலும் திருகாணித் துளைகள். அதில் இரண்டு துளைகளை அடைத்துக்கொண்டு ஒரு குளவி களிமண் கூடு கட்டியிருந்தது. கூடு காய்ந்து வெளிறியிருந்தது. அதன் நடுவில் உருண்டையாக ஒரு ஓட்டை. அகிலா வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு படம் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"இந்த விமானத்தை வேற யாராவது கேட்டாங்களா?" என்றாள் கமலாட்சியிடம்.

"தை மாசம் விக்ரம்னு ஒருத்தர் பெங்களூர்ல இருந்து வந்தார். பழைய விமானங்களை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புறவராம். விற்கிறதா இல்லைன்னு நான் போன்லயே சொல்லிட்டேன். அப்புறம் வரலையே அண்ணா?"

"வரலை" என்றார் தினகரன். "நானே விரட்டிட்டேன்."

பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் முத்துக்குமார் பொருமினான். "விக்ரம்தாங்க! இல்லைன்னா விக்ரமும் சத்யராஜும் கூட்டு. சாவி இவன்கிட்ட, வாங்குறவன் அவன்."

சத்யராஜ் பட்டறையில் அணைந்த அடுப்பு போல உட்கார்ந்திருந்தான். அகிலா கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"ஞாயித்துக்கிழமை எடுத்துனு போனது ஜன்னல் கிரில்லுங்க. ஏனாத்தூர்ல ஒரு வீட்டுக்கு. மழை வர்றாப்ல இருந்துச்சு, மூடினேன். அந்த வீட்டுல போய்க் கேளுங்க. நான் அந்தத் தார்ப்பாயைத் தொட்டதுகூட இல்லை. தொட்டா என்ன பேச்சு வரும்னு எனக்குத் தெரியாதா?"

"போல்ட்டைப் பார்த்தீங்களா?"

"போலீஸ்காரங்க காட்டினாங்க." முதல் முறையாக அவன் குரலில் சூடு ஏறியது. "உளி வெச்சு அடிச்சிருக்காங்க. என்கிட்ட இல்லாத ஸ்பேனரா? நான் கழட்டியிருந்தா போல்ட்டுல ஒரு மறை கெட்டிருக்காதுபா."

வெளியே வந்ததும் முத்துக்குமார் முணுமுணுத்தான். "வேணும்னே அப்படி அடிச்சிருக்கலாம்ல?"

"இருக்கலாம்" என்றாள் அகிலா. "அந்தக் காத்தாடி எவ்வளவு நீளம்?"

"ஒரு ஆள் உயரத்துக்கு மேல."

"மண்டபத்து கேமரா ஆலையோட ஒரே கேட்டைத்தான் பார்க்குது. வெள்ளியில இருந்து திங்கள் வரைக்கும் வெளியே போனதா அதுல பதிவானது ஒரே ஒரு லோடு ஆட்டோ. ஏனாத்தூருக்குப் போன் பண்ணிக் கேளுங்க. அதுல போனது கிரில்தான்னா, காத்தாடி ஆலையை விட்டு வெளியே போகவே இல்லை."

முத்துக்குமார் பேசினான். கிரில் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது என்று ஏனாத்தூர் வீட்டுக்காரர் சொன்னார். இறக்கும்போது தானும் கைகொடுத்ததாகவும் வண்டியில் வேறெதுவும் இல்லை என்றும் சொன்னார். பேசி முடித்த முத்துக்குமார் அகிலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆலைக்குள் ஓடினான்.

அவன் ஒவ்வொரு மூலையாகப் புரட்டினான். நெல் ஊறவைக்கும் பழைய சிமென்ட் தொட்டிகளின் மேல் கூரைத் தகரங்கள் கிடந்தன. அவற்றில் படிந்திருந்த பாசி ஒன்றில் மட்டும் விரல் பட்டுக் கலைந்திருந்தது. அதைத் தள்ளிப் பார்த்தவன், "அகிலா!" என்று கத்தினான்.

தொட்டிக்குள் காற்றாடி இருந்தது. ஈரம் படாமல் செங்கற்களின் மேல் தூக்கி வைத்து, புது பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றி, முனைகளுக்குச் சாக்குத் துணி கட்டியிருந்தது.

"ஒளிச்சு வெச்சிருக்கான்" என்றான் முத்துக்குமார் மூச்சு வாங்க.

"பத்திரமா வெச்சிருக்கான்" என்றாள் அகிலா.

மாலையில் எல்லோரும் கிடங்குக்குள் கூடினார்கள். அகிலா வரவழைத்த உதவி ஆய்வாளர் கதவருகே நின்றார். சத்யராஜும் கலையரசியும் கம்பிகளின் பக்கம், தினகரனும் கமலாட்சியும் விமானத்தின் பக்கம். நடுவில் தரையில் காற்றாடி கிடந்தது.

"கிடைச்சிடுச்சே" என்றார் தினகரன். "அப்புறம் வந்து எடுத்துனு போகலாம்னு ஒளிச்சிருக்கான். நல்லவேளை."

"முத்துக்குமாருக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு" என்றாள் அகிலா. "ஆனா திருடின பொருளை யாரும் செங்கல் அடுக்கி, மூட்டை கட்டி, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி படுக்க வைக்க மாட்டாங்க. இதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு நெனைச்ச ஒருத்தர்தான் இதை இங்க வெச்சிருக்கார். இதைக் கழட்டினது விக்கிறதுக்கு இல்லை. நாம எல்லாரும் இந்த மூக்கையே பார்த்துட்டிருக்கணும்னுதான்."

"புரியலையே" என்றார் உதவி ஆய்வாளர்.

"உண்மையில போனது தகடு. விமானக் காப்பீடு பார்க்கிற என் பழைய நண்பர்கிட்ட விசாரிச்சேன். இந்த மாதிரி விமானத்துக்குப் பிறப்புச் சான்று மாதிரி அந்தத் தகடு. அது கையில இருந்தா, வெளிநாட்டுல புதுசா ஒரு விமானத்தைச் செஞ்சுட்டு இதுதான் அசல்னு சொல்லலாம். இங்க நிக்கிறது வெறும் மரமும் துணியும் ஆயிடும். கல்லூரிக்காரங்க வந்தா முதல்ல அதைத்தான் தேடுவாங்க. அது இல்லைன்னா எப்பப் போச்சுன்னு கேள்வி வரும். அதுக்கு முன்னாடியே ஒரு திருட்டு நடந்தாகணும், ஒரு திருடனும் இருந்தாகணும்."

கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கி அவரிடம் நீட்டினாள். "தகடு இருந்த இடத்தைப் பாருங்க. ரெண்டு துளையை அடைச்சு ஒரு குளவிக் கூடு. தகடு அங்க இருந்திருந்தா கூடு தகட்டு மேல இருந்திருக்கும், பேர்க்கும்போது உடைஞ்சிருக்கும். இது வெறும் பலகை மேல கட்டின கூடு. அதாவது தகடு போனதுக்கு அப்புறம் கட்டினது. கூடு காய்ஞ்சுபோய், உள்ளே வளர்ந்த குளவியும் ஓட்டை போட்டு வெளியே பறந்தாச்சு. அதுக்கே பல வாரம் ஆகும். சத்யராஜ் கைக்குச் சாவி வந்து எவ்வளவு நாளாச்சு?"

"பத்து நாள்கூட ஆகலைங்க" என்றான் சத்யராஜ்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு சாவியும்?"

முத்துக்குமாரின் பார்வை மெல்லத் தினகரன் மேல் போய் நின்றது.

"ஐயா" என்றாள் அகிலா, குரலை உயர்த்தாமல். "போன வெள்ளிக்கிழமை தகட்டுக்கு உங்க கையாலயே பொட்டு வெச்சதாச் சொன்னீங்க. அந்த இடத்துல குளவிக் கூடுதான் இருந்திருக்கும். எதுக்கு வெச்சீங்க?"

கமலாட்சி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விரட்டிட்டேன்னு சொன்னியே" என்றாள் மெதுவாக.

அவர் தரையில் கிடந்த காற்றாடியைப் பார்த்தபடியே பேசினார். "தகடு மட்டும் போதும்னான் அந்த விக்ரம். விமானம் இங்கயே இருக்கட்டும், யாருக்கும் தெரியாதுன்னான். நீ காலேஜுக்குக் குடுக்கறதா முடிவு பண்ணிட்டு அப்புறம்தானே எனக்குச் சொன்ன? மழை ஒழுகினப்பல்லாம் வந்து மூடினது யாரு? கரையான் மருந்து அடிச்சது யாரு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலை. தப்புதான்" என்றாள் கமலாட்சி. அவள் கண்கள் கலங்கியிருந்தன. "அதுக்கு என்கிட்ட சண்டை போட்டிருக்கணும். சத்யராஜ் உனக்கு என்ன பண்ணினார்?"

தினகரன் தோள் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க" என்று கலையரசி ஓர் அடி முன்னே வந்தாள். "விக்ரம் மேல சொல்லியிருக்கலாம். யாரோ கூரை வழியா எறங்கினான்னு சொல்லியிருக்கலாம். ஏன் எங்க வீட்டுக்காரரைச் சொன்னீங்க?"

"சாவி இருந்துச்சு..."

"சாவிக்காக இல்லீங்க. எங்களை மாதிரி ஆளுங்க பேரைச் சொன்னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். யாரும் கேக்கவும் இல்லை."

உதவி ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முத்துக்குமார் காலையில் அகிலாவின் காதில் சொன்னதை நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

பொய்ப் புகார் கொடுத்ததற்கும் தகடு போனதற்கும் தினகரன் காவல் நிலையத்தில் வாக்குமூலம் தர வேண்டும் என்றார் உதவி ஆய்வாளர். விக்ரமின் கைப்பேசி எண்ணைக் கமலாட்சி கொடுத்தாள். தகடு நாட்டை விட்டுப் போகுமுன் பிடித்துவிடலாம் என்று அவர் நம்பினார். கமலாட்சி சத்யராஜின் முன்னால் வந்து கைகூப்பினாள். "கிடங்கை விட்டுப் போயிடாதீங்க. காத்தாடியை நீங்களே திரும்ப மாட்டிக் குடுங்க."

"அது அப்புறம்மா" என்றான் சத்யராஜ். "அவர் ஸ்டேஷனுக்கு வந்து ரூம்புக்குள்ள சொல்றது எனக்கு வேணாம். தெருவுலதானே சொன்னாரு? தெருவுலயே சொல்லட்டும்."

போலீஸ் ஜீப்பைப் பார்த்து வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது. மண்டபத்துச் சமையல்காரர்கள், பேருந்துக்கு நின்றவர்கள், பட்டறைப் பையன்கள். சத்யராஜைத்தான் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் தினகரன் வெளியே வந்தார். படியில் நின்றார். விபூதிக்கு நடுவே வியர்வை கோடாக இறங்கியது. உதடு அசைந்தது.

கலையரசி கூட்டத்துக்குள் போய், அவர்களில் ஒருத்தியாகத் திரும்பி நின்றாள்.

"காதுல விழலீங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."