செவ்வந்திப்பேட்டையில் ஒரு வீடு

செவ்வாயில் வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் காற்றை முகர்ந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு புறநகரின் வாசலிலும் ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு முகமூடியும் தொங்கும். மூக்கில் வைத்து மூன்று முறை இழுத்தால் போதும், அந்தக் குவிமாடத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். இரும்பு வாடை அடித்தால் வடிகட்டி பழசு. ஈரத்துணி வாடை என்றால் பாசித்தொட்டியை யாரும் கழுவுவதில்லை. எந்த வாடையும் இல்லையென்றால் விலை நமக்குக் கட்டுப்படியாகாது.

புதுமணலூர் வாசலில் மங்கையர்க்கரசி இரண்டாவது முறை மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோதே சங்கச் செயலாளர் கேட்டுவிட்டார்.

"மொத்தம் எத்தனை பேரும்மா?"

"நான் மட்டும்தான் சார்."

"வீட்டுக்காரர் பூமியில இருக்காரா?"

"கல்யாணம் பண்ணிக்கலை."

அவர் முகமூடியை அவள் கையிலிருந்து பதமாக வாங்கி, துடைத்து, கொக்கியில் மாட்டினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது குடும்பங்க இருக்கற இடம்."

அரசி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இது ஒன்பதாவது புறநகர். எட்டு இடங்களில் தப்பாக எடுத்துக்கொண்டு அலுத்துவிட்டது.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வருடங்களாக நீர் ஆலையில் தலைமைப் பொறியாளர். செவ்வாய் மண்ணின் விஷ உப்பைப் பிரித்தெடுத்து, கழிவுநீரையும் சுத்தம் செய்து குடிநீராகத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. புதுமணலூர்ச் செயலாளர் அன்று காலை குடித்த காப்பியும் அவள் அனுப்பிய தண்ணீரில் போட்டதுதான். ஆனால் வீடு என்று வந்தால் அது செல்லாது. குவிமாடத்துக்குள் காற்று கணக்காகத்தான் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை மூச்சுப்பங்கு என்று சங்கம்தான் ஒதுக்கும். நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை ஆளை வைக்க எந்தச் சங்கமும் ஒப்பவில்லை. பிள்ளை இல்லாதவருக்கு ஊர்மேல் என்ன அக்கறை இருக்கும், நாளைக்குக் குவிமாடத்தில் விரிசல் விட்டால் முதலில் ஓடுகிறவர் அவராகத்தான் இருப்பார் என்று ஒரு சங்கத்தில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

உண்மையில் விரிசல் விட்டிருந்தது அவள் குடியிருந்த ஒற்றையர் விடுதியில்தான். நாற்பது நாளில் அதை மூடப்போகிறார்கள். முகவரி இல்லாதவர்களை அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவது சட்டம். செவ்வாயில் உடம்பின் கனம் பூமியில் இருப்பதில் பாதிகூடக் கிடையாது. அந்த லேசான கனத்துக்குப் பழகிய எலும்புகளை மருத்துவர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, "பூமியில இறங்கினா எழுந்து நிக்க முடியாது. படுத்தேதான் இருக்கணும். ரொம்ப நாளும் இல்லை" என்றார்.

இருபத்தேழு நாள் போய்விட்டது.

கடைசியில் பொன்னுரங்கம் என்ற தரகரிடம் போனாள். அவர் அவள் விவரங்களைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி வந்து உட்கார்ந்தார்.

"வீடு இருக்கும்மா. செவ்வந்திப்பேட்டையில, அறுபத்திரண்டாம் நம்பர். குடும்பம்தான் உங்ககிட்ட இல்லை."

"தெரியுமே. அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்."

"குடும்பத்தையும் நானே தர்றேன்."

அவர் காட்டியவர்களுக்கு ஒப்பர் என்று பெயர். மனிதரை ஒத்த இயந்திரங்கள். தோலில் சூடு இருந்தது. சாப்பிடுவதுபோல் சாப்பிட்டார்கள். புறநகர் வாசல்களில் இருக்கும் மூச்சு எண்ணியை ஏமாற்ற வேண்டுமே, அதற்காக அவர்கள் நெஞ்சுக்குள் ஒரு சின்ன எரிகலம் வைத்திருந்தது. அது நிஜமாகவே காற்றை இழுத்து, பிராணவாயுவை எரித்து, கரிவாயுவை வெளியே விட்டது.

"கணவர் பேர் கதிரேசன். பொண்ணு மித்ரா, ஏழு வயசு," என்றார் பொன்னுரங்கம். "ஒரே ஒரு விஷயம். மூச்சை மட்டும் நிறுத்திடாதீங்க. வீட்டு வாசல்லயும் மூச்சு எண்ணி இருக்கும். எண்ணிக்கை குறைஞ்சா சிவப்பு விளக்கு எரியும். சாவு விழுந்துடுச்சுன்னு ஊரே கூடிடும்."

"யாராவது கண்டுபிடிச்சுட்டா?"

"மாட்டாங்கம்மா. அங்க எல்லாரும் ரொம்ப நல்ல குடும்பங்க."

செவ்வந்திப்பேட்டைச் செயலாளர் வேதாசலம் வாசலுக்கே வந்து வரவேற்றார். மித்ராவின் கன்னத்தைத் தட்டினார். முகமூடியை எடுத்து அவரே கொடுத்தார். அரசி மூன்று முறை இழுத்தாள். எந்த வாடையும் இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

குடிபோன அன்றே பக்கத்து வீட்டுத் திலகவதி பாயசத்தோடு வந்தாள். ஒல்லியான, கலகலப்பான பெண். கணவனும் இரண்டு பையன்களும் அவள் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

"ஒரே பொண்ணுதானா அக்கா? இன்னொண்ணு பெத்துக்கக் கூடாதா? துணையா இருக்குமில்ல?"

"பார்க்கலாம்," என்றாள் அரசி. இப்படிப் பேச ஆள் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது மாதம் ஆலையில் கழிவுநீர் அளவுகளைச் சரிபார்க்கும்போது செவ்வந்திப்பேட்டையின் எண்ணில் அவள் கண் நின்றது. அங்கே இருநூற்று முப்பத்தொரு பேர் குடியிருக்கிறார்கள். அத்தனை பேரின் சிறுநீரிலும் யூரியா வரவேண்டும். வந்திருந்த யூரியா ஏறக்குறைய அறுபது பேருக்குத்தான் காணும். கருவி கெட்டிருக்கும் என்று மாற்றிப் போட்டாள். மறுநாளும் அதே எண். ஒரு வாரம் பார்த்தாள். கணக்கு அறுபத்திரண்டில் வந்து நின்றது.

வீடுகள் அறுபத்திரண்டு. அவளுடையதையும் சேர்த்து.

ஆலையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். பாயசம் கொண்டுவந்த திலகா, தினமும் மனைவியைக் கைப்பிடித்து நடக்கக் கூட்டிப்போகும் வேதாசலம், பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றி அலுத்துக்கொள்ளும் முப்பத்தொன்றாம் வீட்டு அம்மையப்பன், எல்லாரும் அவளைப் போலத்தான். யாரிடமாவது சொல்லிவிடலாமா என்று அன்று முழுக்க மனம் அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. செவ்வாய் நிர்வாகத்தின் காதுக்குப் போனால் அத்தனை பேருக்கும் கப்பல்தான்.

அடுத்த வாரமே பேட்டைக்குக் காற்று தயாரிக்கும் உலை பழுதானது.

மாற்றுப் பாகம் பூமியிலிருந்து வர பதினொரு வாரம் ஆகும். அதுவரை பேட்டைக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் காற்று கிடைக்கும். மற்ற குவிமாடங்களிலும் உபரி இல்லை. நாலாம் நாளே மாடி ஏறினால் கண் இருட்டியது. திலகாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் பையன்கள் மட்டும் வாசலில் பந்து விளையாடினார்கள்.

சங்கக் கூட்டம் கூடியது. எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மண்டபம் நிறைந்து புழுங்கியது. வேதாசலம் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை நிறுத்தி நிறுத்திப் பேசினார். எப்படித் தாக்குப்பிடிப்பது என்று யோசனை கேட்டார்.

அரசி எழுந்தாள்.

"ஒரு வழி இருக்கு சார். இங்க மூச்சு விடறவங்க எல்லாரும் மூச்சு விட்டே ஆகணும்னு இல்லை."

"புரியலையேம்மா."

"ஆலைக்கு வர்ற கழிவுநீரைப் பார்த்தேன். இருநூத்து முப்பத்தொரு பேர் இருக்கோம். ஆனா யூரியா அறுபத்திரண்டு பேருக்குத்தான் இருக்கு."

முன்வரிசையில் ஒருத்தி மகளின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். அம்மையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். வேதாசலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் முந்தானையை எதற்கோ இழுத்துச் சரிசெய்தார்.

"நீங்க யார் வீட்டைச் சொல்றீங்க?" என்றார். குரலில் கோபமே இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. "மத்தவங்க வீட்டுக் குடும்பத்தைப் பத்தி நமக்கு எதுக்கும்மா? உங்க வீட்ல எப்படின்னு மட்டும் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அரசிக்குப் புரிந்தது. ஒருவர் முதலில் சொல்ல வேண்டும். அறுபத்திரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நின்றால் நிர்வாகமே திணறிப்போகும், அத்தனை பேரை ஏற்றக் கப்பலில் இடமில்லை. ஆனால் அவள் சொல்லி, மற்றவர்கள் சொல்லாவிட்டால்? ஒரே ஓர் ஆளுக்குக் கப்பலில் தாராளமாக இடமுண்டு.

திலகாவைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு போதும் என்று தோன்றியது. திலகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொரு முகமும் வேறொரு முகத்துக்காகக் காத்திருந்தது. அவள் உள்ளங்கைக்குக் கீழே மித்ராவின் முதுகு வெதுவெதுப்பாக ஏறி இறங்கியது.

"கருவிக் கோளாறா இருக்கும் சார்," என்றாள். "சரி பண்ணிடறேன்."

மண்டபம் முழுக்கப் பெருமூச்சு விட்டது. அந்த ஒரு பெருமூச்சில் எத்தனை பங்கு காற்று வீணாயிற்றோ.

உடனே பின்வரிசையிலிருந்து அம்மையப்பன் கையைத் தூக்கினார். "பெரியவங்க நாம எப்படியாவது பொறுத்துக்கலாங்க. பிள்ளைங்களுக்கு மட்டும் குறைக்கக் கூடாது."

யாரால் இதை மறுக்க முடியும்? ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பிள்ளைகளின் அறைகளுக்கும் பூங்காவுக்கும் முழுக் காற்று. மற்ற இடங்களுக்கு மிச்சம். பெரியவர்கள் பூங்காவுக்குள்ளோ பிள்ளைகளின் அறைக்குள்ளோ காலெடுத்து வைத்தால் மணி அடிக்கும்படி மூச்சு எண்ணியை மாற்றினார்கள். அரசியும் கை தூக்கினாள். கதிரேசனும் தூக்கினான்.

அதற்குப் பிறகு பேட்டையில் யாரும் வேலையில்லாமல் எழுந்து நடப்பதில்லை. சமையலை ஒருவேளையாக்கிக்கொண்டார்கள். பேச வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டினார்கள். அரசி ஆலைக்குப் போகும் எட்டு மணி நேரம்தான் நன்றாக மூச்சு விட்டாள். திரும்பி வருகையில் வாசலில் நின்று, உள்ளே போக மனமில்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பாள். போகாமல் இருக்க வேறு முகவரி இல்லை.

ஐந்தாவது வாரம் முப்பத்தொன்றாம் வீட்டு வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்று பிள்ளைகளும் வரிசையாக நின்று அழுதார்கள். ஊரே வந்து, இடையிடையே சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குடும்பத்துக்கு ஆறுதல் சொன்னது. அரசி அந்த மனைவியின் சூடான கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள். அழுதால் மூச்சு வாங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். இறந்தவரின் மூச்சுப்பங்கை அவருடைய பிள்ளைகளுக்கே சேர்த்துவிடுவதாக வேதாசலம் அறிவித்தார். எல்லாரும் அதுதான் நியாயம் என்று சொன்னார்கள்.

மறுநாள் விடுமுறை. அரசியும் திலகாவும் பூங்காவின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே இரண்டு சாய்வு நாற்காலிகளில் அசையாமல் கிடந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எழுபது எண்பது பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. மித்ரா எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடி வந்து, கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கையாட்டினாள். அவள் விட்ட மூச்சு கண்ணாடியில் வட்டமாகப் படிந்து மறைந்தது.

திலகா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இப்போதாவது சொல்லிவிடு, நீ சொன்னால் நானும் சொல்கிறேன் என்று அரசி நினைத்தாள்.

"உங்க பொண்ணு…" என்று ஆரம்பித்து, மூச்சுக்காக நிறுத்தி, திலகா சொல்லி முடித்தாள். "நல்லா… ஓடறா அக்கா."

அரசி கண்ணை மூடினாள். பதிலுக்கு வேண்டிய காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள்.

"வளர்ற பிள்ளை… இல்லையா," என்றாள்.