நைனாவின் கார் ஏன் நின்றது?

சந்தனாவின் நைனா மல்லிநாதன் செஞ்சியில் வாடகைக் கார் ஓட்டினார். கார் பழையது. கதவெல்லாம் துரு. அதன் நிறம் என்னவென்று கேட்டால் யாராலும் சட்டென்று சொல்ல முடியாது.

ஆறாம் வகுப்புக்குப் போனதிலிருந்து சந்தனாவுக்கு அந்தக் காரைப் பார்த்தாலே கூச்சமாக இருந்தது. நச்சரித்து நச்சரித்து, பொங்கலுக்கு அதற்குப் பெயிண்ட் அடிக்க வைத்துவிட்டாள். பெயிண்ட்காரர் பெட்ரோல் டேங்கின் மூடியை மட்டும் விட்டுவிட்டார். மிச்சமிருந்த பெயிண்டை எடுத்து, அதற்கு அவளே இரண்டு முறை பூசினாள். கார் பளபளவென்று ஆனது.

ஆனால், பொங்கல் முடிந்த கையோடு கார் வழியில் நிற்க ஆரம்பித்தது. நன்றாக ஓடும். சில மைல் போனதும் இருமும், முனகும், நின்றுவிடும். சற்று நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். கண் பட்டுவிட்டது என்று அம்மா எலுமிச்சம்பழம் கட்டினாள். மெக்கானிக் அப்துல் சுக்கூர் எஞ்சினைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். இரண்டுக்கும் கார் மசியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், சரியாக வாசலுக்கு எதிரிலேயே கார் நின்றது. உள்ளே சவாரிக்கு வந்தவர்கள் சலித்துக்கொண்டிருந்தார்கள். நைனா வியர்த்து வழிய இறங்கி, காரை ஓரமாகத் தள்ளிவிடச் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். சந்தனா மட்டும் மதில் ஓரமாக ஒதுங்கினாள்.

அவள் பக்கத்தில் ஆண்டாள் நின்றிருந்தாள். அந்த வாரம்தான் பள்ளிக்கு வந்த புதுப் பெண்.

"யாரு அவரு? உனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாள் ஆண்டாள்.

"தெரியாது" என்றாள் சந்தனா.

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், நைனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி, பிள்ளைகளோடு சேர்ந்து காரைத் தள்ளினார்.

வீட்டிலும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. வழக்கம்போலப் பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நைனா பாதியிலேயே எழுந்து கை கழுவிவிட்டார். சந்தனாவுக்கும் சோறு இறங்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. காரை நினைத்து வந்த வெட்கம் போன இடம் தெரியவில்லை. இப்போது அவளுக்குத் தன்னை நினைத்தாலே வெட்கமாக இருந்தது.

மறுநாள் பள்ளி விடுமுறை. நைனா காரை வல்லம் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். திங்கட்கிழமை அவலூர்பேட்டையில் ஒரு கல்யாணச் சவாரி இருந்தது. பெண்ணை ஏற்றிக்கொண்டு நடுவழியில் நின்றால், அப்புறம் ஊரில் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

"நானும் வரேன் நைனா" என்றாள் சந்தனா, தரையைப் பார்த்தபடி.

"நின்னா தள்ளணும்."

"தள்றேன்."

கோட்டை மலை பின்னால் போய்ச் சின்னதாகத் தெரிந்தபோது கார் இருமியது. நின்றது. காரில் பெட்ரோல் அளவு காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதனால் கார் நின்றால் நைனா முதலில் டேங்க் மூடியைத் திறப்பார். காரை ஆட்டி, பெட்ரோல் தளும்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். இப்போதும் அப்படியே செய்தார். பெட்ரோல் இருந்தது. சாவியைத் திருப்பினார். கார் கிளம்பியது.

ஆனால் மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்ததைச் சந்தனா கேட்டாள்.

கொஞ்ச தூரத்தில் கார் மறுபடியும் நின்றது. நைனா மூடியை நோக்கிப் போனார்.

"நைனா, அதைத் தொறக்காம ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

அவர் புரியாமல் பார்த்தார். இருந்தாலும் முயன்றார். கிளம்பவில்லை. பொறுத்திருந்து மறுபடியும் சாவியைத் திருப்பினார். அப்போதும் இல்லை. சந்தனா போய் மூடியைத் திருகினாள். 'உஸ்' என்றது. இப்போது சாவியைத் திருப்பியதும் கார் உறுமியது.

"எண்ணெய் டின்னுல அம்மா ரெண்டு ஓட்டை போடுவாங்க இல்ல, நைனா? ஒண்ணுதான் போட்டா எண்ணெய் வராது. காத்து உள்ள போனாத்தான் வரும். இதுக்குக் காத்து போற வழி எங்க இருக்குது?"

நைனா மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஊசி முனையளவு ஒரு துளை இருக்க வேண்டும். அந்த இடத்தில் பெயிண்ட் திட்டாகக் காய்ந்து கிடந்தது.

சந்தனாவின் முகம் சிவந்தது. "நான்தான் நைனா அடிச்சேன். ரெண்டு தடவ."

பாவாடையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குத்தி, துடைத்து, ஊதி, அவளே சுத்தம் செய்தாள். அதன்பின் கார் எங்கும் நிற்கவில்லை. வல்லம் வந்தது. திரும்பும்போதும் ஓடிக்கொண்டே இருந்தது.

"நேத்து பள்ளிக்கூடத்தாண்ட..." என்று ஆரம்பித்த சந்தனாவால் முடிக்க முடியவில்லை.

நைனா சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "காதுல விழுந்துது. கொஞ்சம் வலிச்சுதும்மா."

அவள் அழுதாள். அழுது முடிக்கும் வரை அவர் காரை மெதுவாக ஓட்டினார். பிறகு துண்டை எடுத்து நீட்டினார். அதில் ஒரே பெட்ரோல் நாற்றம். சந்தனாவுக்குத் தும்மல் வந்தது. நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, மணி அடிக்கும் முன்பே சந்தனா ஆண்டாளைத் தேடிப் போனாள். வழியெல்லாம் பாடம் ஒப்பிப்பது போல மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நேரில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அந்தக் கார்காரரு எங்க நைனா."

ஆண்டாள் ஆச்சரியப்படவே இல்லை. "அப்பவே தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு" என்றாள்.

சந்தனா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அது எல்லோர் கண்ணிலும் படும் அளவுக்குப் பெரிய மூக்குதான்.