முகாம் கூடத்தில் தண்ணீர்

அண்ணியும் நாத்தனாரும் ஒத்துப்போகிற வீடு உலகத்தில் உண்டா என்று கேட்கிறவர்கள் அந்த மாடி வீட்டுக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எரிந்த கிடங்கு, மூழ்கிய கடை, கவிழ்ந்த லாரி என்று, பொய்யும் மெய்யும் கலந்த இடிபாடுகளைப் பார்த்தே பாதி ஆயுள் போனது. இப்போது யாராவது சிக்கல் என்று வந்தால் போய்ப் பார்க்கிறாள். நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அண்ணிக்குப் பேச்சு குறைவு. அந்தக் குறையை நாத்தனார் தாராளமாகவே தீர்த்துவைப்பாள்.

அன்று காலை கதவைத் தட்டிய பெண் மருத்துவமனை நர்ஸ். வெள்ளை உடுப்பு முழங்கால் வரை நனைந்திருந்தது.

"உட்காரும்மா" என்றாள் அண்ணி.

"உட்கார நேரமில்லக்கா. மதியம் ஆய்வு அதிகாரி வர்றார். அதுக்குள்ள எங்க கூடத்தை எவன் கெடுத்தான்னு தெரியணும்."

ஏரிக்கரையில் சிறுவர் கோடை முகாம் ஒன்று இருந்தது ஊருக்கே தெரியும். நடத்தியவர்கள் கைவிட்டுப் பல வருடமாகப் பாழடைந்து கிடந்தது. அங்கே வளர்ந்த பிள்ளைகளே பெரியவர்களாகி, ஒரு குழு சேர்த்து, சம்பளம் வாங்காமல் ஞாயிறுதோறும் கூடிச் செப்பனிட்டு வந்தார்கள். நர்ஸ்தான் தலைவி. இன்று கூடம் பிள்ளைகள் தங்கத் தகுந்தது என்று அதிகாரி கையெழுத்துப் போட்டால் இடம் அவர்களுக்கு. இல்லையென்றால் ஓட்டல் கம்பெனிக்கு.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில தரை துடைச்சாங்க. லீவு விட்டா என்னை எங்க விடறதுன்னு தெரியாது. அந்த முகாம்ல மட்டும்தான் நீ யார் வீட்டுப் பொண்ணுன்னு யாரும் கேட்கல" என்றாள் நர்ஸ். "இப்பவும் என் வார்டுல அம்மாவோட வந்து கட்டிலுக்கு அடியில தூங்குற பிள்ளைங்க இருக்குக்கா. அதுங்களுக்கு அந்த இடம் வேணும். நான் விடமாட்டேன்."

"வெண்ணெய் திரளும்போது தாழி உடைஞ்ச கதையாப் போச்சே!" என்று நாத்தனார் அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டாள்.

முகாமைச் சுற்றி உயரமான சுவர். மேலே கண்ணாடிச் சில்லு. ஏரிப் பக்கம் இடுப்பளவு சேறு. இரும்பு வாசலில் ஒரே பூட்டு. பூட்டில் கீறல்கூட இல்லை என்பதை அண்ணி குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, குழாய்க்காரர்கிட்ட, ரொட்டிக்கடைக்காரர்கிட்ட, வக்கீல்கிட்ட. முகாம்ல வளர்ந்தவங்களுக்கு மட்டும்தான் சாவின்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம்."

உள்ளே எல்லாமே குட்டையாக இருந்தது. கை கழுவும் தொட்டி முழங்கால் உயரம், துண்டு மாட்டும் கொக்கி இடுப்பு உயரம். நாத்தனார் முன்னால் ஓடிக் கூடத்துக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. இழுத்தாள், தோளால் இடித்தாள். கதவு கல்லுளிமங்கனாக நின்றது.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா." தோளில் ரொட்டித் தட்டோடு வந்த ஒரு பருத்த மனிதர், ஒரு கையால் கைப்பிடியை மேலே தூக்கி, முட்டியால் கதவின் அடியில் ஒரு இடி இடித்தார். கதவு திறந்துகொண்டது. "இந்தக் கதவுப் பூட்டு செத்து எத்தனையோ காலம் ஆச்சு. எங்க வார்டன் பூட்டுனதா நினைச்சுட்டுப் போவார், நாங்க இப்படித்தான் உள்ள வந்து சீட்டு ஆடுவோம்" என்று சிரித்தார். ரொட்டிக்கடைக்காரர் அவர்தான். "பகல்ல வேலை நடக்கிறப்ப செங்கல் வெச்சுத் திறந்தே வெச்சிருப்போம். இப்ப யாரோ செங்கல்லைத் தட்டிவிட்டுட்டாங்க."

கூடத்தைப் பார்த்ததும் நாத்தனாருக்கே வாய் அடைத்துவிட்டது. புதிதாகப் போட்ட மரத்தரை முழுக்கத் தண்ணீர் குடித்து உப்பி, பலகைகள் வளைந்து தூக்கிக்கொண்டு நின்றன. ஒரு மூலையில் குழாய்க்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே கறுப்புக் கோட்டில் வக்கீல்.

"இன்சூரன்ஸ் அம்மாவா? வாங்க. பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? நேத்து இவர் அடுப்படிக் குழாயை மாட்டினார், ராத்திரி வெடிச்சுது. அரைகுறை வேலை. நான் சொல்றது ஒண்ணுதான், விண்ணப்பத்தை நாமளே வாபஸ் வாங்கிட்டு மரியாதையா ஒதுங்கிடலாம். நானும் இந்த முகாம் பிள்ளைதான், எனக்கும் வயிறு எரியுது."

"என் வேலை அரைகுறை இல்ல!" என்றார் குழாய்க்காரர். "ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

நாத்தனார் அண்ணியின் காதில் கிசுகிசுத்தாள். "அண்ணி, இந்த வக்கீல் செருப்புக்கடை பொம்மை மாதிரி இருக்கார். இடது ஷூவுல மட்டும் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்குது, வலது ஷூ அழுது வடியுது."

"நல்லாப் பார்த்துவெச்சிருக்க" என்று சொல்லிவிட்டு அண்ணி கூடத்தை ஒட்டிய அடுப்படிக்குப் போனாள்.

குழாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஜன்னலருகே நின்றாள். கம்பியில்லாத ஜன்னல், உள்பக்கம் அண்டாக்கள் அடுக்கி மறைத்திருந்தன. அவள் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஜன்னல் விளிம்பில் புது நீல வண்ணம் ஒரு பட்டையாக இழுபட்டிருந்தது.

"இது எப்ப அடிச்ச பெயிண்ட்?"

"நேத்து சாயங்காலம், நான்தான் அடிச்சேன்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "ஒட்டிக்கும்னு கொக்கி போடாம சும்மா சாத்தி வெச்சேன். அண்டாவை நான் இங்க அடுக்கலையே!"

"கடைசியா யார் போனது?"

"நானும் இவரும்" என்றாள் நர்ஸ். "மழை வர்ற மாதிரி இருந்துச்சு. செங்கல்லை எடுத்துட்டுக் கதவைச் சாத்தினேன். குழாய்க்காரரும் வக்கீல் சாரும் பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க."

அண்ணி எல்லோரையும் தாழ்வாரத்துக்கு வரச் சொன்னாள். கடைசியாக வந்தவள், கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்தினாள்.

"முதல்ல குழாய். வெடிச்ச குழாய் பிளந்திருக்கும். இதோட திருகு மரை அப்படியே முழுசா இருக்கு. யாரோ ஸ்பேனர் போட்டு ஆற அமரக் கழட்டியிருக்காங்க. குழாய்க்காரர் வேலை சுத்தமான வேலை."

குழாய்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். நர்ஸ் அவர் தோளில் கை வைத்தாள்.

"அப்ப ஓட்டல்காரன் ஆள் அனுப்பியிருக்கான்!" என்று குதித்தாள் நாத்தனார்.

"வெளியாள் எப்படி வருவான்? பூட்டு உடையல, சுவர் ஏறினா கை கிழியும், ஏரிப் பக்கமா வந்தா சேறு அப்பியிருக்கும். ஒரு பொட்டு சேறு இல்ல. வாசல் சாவி வெச்சிருக்கிற ஆள்தான் வந்திருக்கான். ஆனா கூடத்துக்குள்ள வந்தது ஜன்னல் வழியா."

"கதவு இருக்கிறப்ப எதுக்கு ஜன்னல்?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அதுதான் என் கேள்வியும்."

வக்கீல் சிரித்தார். "வெளியாள் வேலைன்னு காட்டறதுக்கா இருக்கும்மா. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"காட்டணும்னா ஜன்னலைத் திறந்துபோட்டுப் போயிருப்பான். இவன் சாத்தி, அண்டாவை அடுக்கி மறைச்சிருக்கான். உள்ளேருந்து இந்தக் கதவு சுலபமாத் திறக்கும், அப்படியே வெளியே போயிட்டான். குழாய் தானா வெடிச்சதா இருக்கணும்னு நினைச்சவனுக்கு ஜன்னல் தெரியவே கூடாது. அப்படியும் அந்த வழியா ஏறினான்னா, வேற வழி அவனுக்குத் தெரியல." அண்ணி நிதானமாகத் திரும்பினாள். "வக்கீல் சார், என் கைப்பை உள்ளேயே இருக்கு. கொஞ்சம் எடுத்துக்கொடுங்க."

வக்கீல் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். இழுத்தார். திருகினார். கதவு அசையவில்லை. நர்ஸின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"இந்த முகாம் பிள்ளைன்னு சொன்னீங்களே" என்றாள் அவள்.

"மறந்து... எத்தனையோ வருஷம் ஆச்சு..."

"மறக்கிற விஷயமா அது?" என்று கத்தினார் ரொட்டிக்கடைக்காரர். "என் அப்பா பேரை மறந்தாலும் என் முட்டி இதை மறக்காதுய்யா!"

"பகல்ல கதவு திறந்தே இருக்கும், அதனால இத்தனை நாளும் குட்டு வெளிப்படல" என்றாள் அண்ணி. "இன்னொண்ணும் இருக்கு. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே போனவர் நீங்க. உங்க இடது ஷூவை மட்டும் அவ்வளவு தேய்ச்சிருக்கீங்களே, பாலிஷைத் துடைச்சுப் பார்க்கலாமா?"

குழாய்க்காரர் ஏற்கெனவே பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியோடு வந்துவிட்டார். வக்கீல் காலை இழுத்துக்கொள்வதற்குள் ஒரே இழுப்பு. கறுப்பு போய், தோல் மடிப்பில் நீலக் கோடு ஒன்று நின்றது.

"வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு!" என்றாள் நாத்தனார்.

அகப்பட்டுக்கொண்டவன் கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தால், இந்த மனிதர் நிமிர்ந்து நின்றார். "ஆமா, ஓட்டல் கம்பெனிக்கு நான்தான் வக்கீல். அதனால என்ன? என்னைப் பிடிச்சுட்டீங்க, தரையை என்ன பண்ணுவீங்க? அதிகாரி வர்ற நேரமாச்சு. ஞாயித்துக்கிழமை வேலை பார்த்து முகாம் நடத்திடலாம்னு நினைச்சீங்களா?"

நர்ஸ் கதவுப் பக்கம் திரும்பினாள். கைப்பிடியைத் தூக்கி முட்டியால் ஒரு இடி. உள்ளே போனவள் கடப்பாரையை எடுத்து, உப்பிய பலகை ஒன்றுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். பலகை பிய்ந்து வந்தது. அடியில் பழைய சிமெண்ட் தரை, ஈரமாக, ஒரு விரிசல் இல்லாமல் கிடந்தது.

"நாம படுத்து உருண்ட தரை இதுதானே? மரம் போட்டது நம்ம ஆசைக்கு. பிள்ளைங்களுக்கு இது போதும். பேர்த்துடலாம்."

அதற்குப் பிறகு அங்கே யாரும் நிற்கவில்லை. குழாய்க்காரர் பேர்த்தார், ரொட்டிக்கடைக்காரர் சுமந்தார். அண்ணிகூடப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரைத் தள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படி ஒரு கோலத்தில் நாத்தனார் பார்த்ததில்லை. வக்கீல் எப்போது போனார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

அதிகாரி வந்தபோது முற்றத்தில் பலகைகள் மலையாகக் கிடந்தன.

"மரத்தரைன்னு சொன்னீங்களே?"

"போட்டோம் சார். ஓட்டல்காரன் வக்கீல் கெடுத்தான். பேர்த்துட்டோம்" என்றாள் நர்ஸ். தலையெல்லாம் மரத்தூள், கையில் ரத்தக் கீறல். "அவன்மேல போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன், அது தனி. இங்க கூரை இருக்கு, தரை இருக்கு, தண்ணி இருக்கு. எது இல்லைன்னு எழுதப் போறீங்களோ, அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு எழுதுங்க."

அதிகாரி உள்ளே நுழைந்தார். பிறகு கூடம் முழுக்க நடந்தார். தரையை மிதித்துப் பார்த்தார், குழாய்க்காரர் மறுபடி மாட்டிய குழாயைத் திறந்து மூடினார், கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஈரமா இருக்கு" என்றார்.

"காயும் சார்."

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். நாத்தனார் கையைத் தட்டிவிட்டு, தான் மட்டும்தான் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் இன்னும் பலமாகத் தட்டினாள்.

"அவங்க லேசுல விடமாட்டாங்கம்மா" என்றார் அதிகாரி. "கோர்ட்டுக்குப் போவாங்க."

"போகட்டும். நாங்களும் போவோம்."

"சரி. இந்தக் கோடைக்கு எத்தனை பிள்ளைங்களைச் சேர்க்கப் போறீங்க?"

நர்ஸ் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூடம் கொள்ற வரைக்கும் கூடத்துல. அதுக்கு மேல வந்தா முற்றத்துல. வந்த பிள்ளை ஒண்ணையும் திருப்பி அனுப்ப மாட்டேன் சார்."