மருந்து வைத்தவள்

"அய்யோ... என் தம்பிக்கு மருந்து வச்சுட்டாளே!"

ஆமத்தூர் முழுக்கக் கேட்கும்படி அலறினாள் வெள்ளைத்தாய்.

தம்பி பாண்டிச்செல்வம் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். நெருப்பாய்க் காய்ச்சல். கண் மஞ்சள்... உடம்பெல்லாம் மஞ்சள்!

அவனை விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அவன் மனைவி மாரிச்செல்வியை ஸ்டேஷனுக்கு!

இன்ஸ்பெக்டர் ஒச்சப்பன் கொட்டாவி விட்டார். தீபாவளி சீசன். மனிதர் கண்ணை மூடியே பல நாளாகிறது.

"மருந்து வச்சியாம்மா?"

"வச்சேன் அய்யா. ஒரு நாளு தப்பாம வைக்கேன்."

ஏட்டு நிமிர்ந்தார். இவ்வளவு சுலபமாக ஒரு வாக்குமூலமா!

"எதுல வச்சே?"

"புஸ்வாணத்துல அய்யா. கம்பெனில எனக்கு அதான வேலை?"

ஒச்சப்பன் தலையில் கை வைத்தார். சிவகாசிப் பக்கம் வந்து கேட்கிற கேள்வியா இது!

"சோத்துல வச்சியான்னு கேக்கேன்!"

"ஆத்தாடி! கறி தின்னாலே அவுகளுக்கு வயித்துவலி அய்யா. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு அம்புட்டுக் கெஞ்சுனேன். மதினிதான் அய்யாதுரைகிட்ட மருந்து எடுக்கக் கூட்டிப் போனாக..."

புகார் கொடுக்க வந்து நின்ற வெள்ளைத்தாய் பாய்ந்து வந்தாள்.

"அய்யாதுரை லேசுப்பட்ட வைத்தியர் இல்ல அய்யா! வயித்துல வாய வச்சு உறிஞ்சி மூணு கல்லு எடுத்தாரு! பொண்டாட்டி வச்ச மருந்துதான் கல்லா உறைஞ்சிருக்குன்னாரு!"

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மேஜையில் மூன்று பழுப்புக் கற்கள் உருண்டன.

போன் அலறியது.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் லட்சுமிகாந்தம்.

"விஷமெல்லாம் இல்ல இன்ஸ்பெக்டர்! பித்தப்பை நிறைய கல்லு. ஒண்ணு நழுவிப் பித்தக்குழாய அடைச்சிருக்கு. சீழ் வேற பிடிச்சிருச்சு. உடனே மதுரைக்குக் கொண்டு போகணும்!"

"வயித்தக் கிழிக்கணுமா?"

"இப்ப வேண்டாம். வாய் வழியா டியூப் விட்டு அந்தக் கல்ல எடுத்துருவாங்க. உடம்பு தேறுனதும் சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையையே எடுத்துரணும். தாமதிச்சா ஆள் போயிருவான்! சம்சாரத்த அனுப்புங்க, கையெழுத்து வேணும்."

"மூணு கல்லு ஏற்கெனவே எடுத்தாச்சாமே?"

"யாரு சொன்னது? வயித்துல ஒரு கீறல்கூட இல்ல. அந்தக் கல்லையும் குடுத்து விடுங்க, பாப்போம்."

மாரிச்செல்வி அழுதுகொண்டே ஜீப்பில் ஏறினாள்.

சாயங்காலம் மறுபடியும் போன்.

"பொழைச்சுட்டான்! அடைச்ச கல்லு வந்துருச்சு. ஆனா இன்ஸ்பெக்டர்... நீங்க அனுப்புன மூணும் அசல் பித்தக்கல்லு! மனுஷன் வயித்துல விளைஞ்சது!"

வெள்ளைத்தாய் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு விடாமல் கூடப் பிறந்தவனைத் தானே கொல்லப் பார்த்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பெஞ்சில், ஏட்டு பிடித்து வந்திருந்த அய்யாதுரை. ஒச்சப்பன் அலுப்போடு எழுந்து அவன் முன்னால் போய் நின்றார்.

"ஏலே... சட்டையத் தூக்கு."

தூக்கினான்.

வயிற்றில் நான்கு சின்னச் சின்னத் தழும்புகள்!

"போன வருசம் மதுரைல ஆப்பரேசன் அய்யா... என் பித்தப்பைல இருந்த கல்லையெல்லாம் பாட்டில்ல போட்டுக் கையில குடுத்தாக..."

"ஊரான் வயித்துல எல்லாம் உறிஞ்சி எடுத்தது உன் கல்லா!"

"நெறைய இருந்துச்சு அய்யா... தூரப் போட மனசு வரல."

"அம்புட்டு வித்தை தெரிஞ்சவன் ஆஸ்பத்திரிக்கு ஏன்லே போனே? உன் கல்ல நீயே உறிஞ்சி எடுத்திருக்க வேண்டியதுதானே?"

அய்யாதுரை பரிதாபமாகத் தன் விலாவைக் குனிந்து பார்த்தான்.

"வாய் எட்டல அய்யா!"